ஒளிப்பெட்டியும் ஓவனும்

ரப்பர் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. ஆய்வுக்கூடத்தில் மண்டை காய்ந்தவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம்.

காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் சுங்காய் பக்கம் நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக்கு ஈப்போவிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. கிண்ணத்தில் பாலை ஊற்றி விளக்கைப் போட்டால், பாலுக்குள் வெளிச்சம் பரவும் வட்டத்தைக் கேமரா திரையில் காட்டும். கெட்டிப் பாலுக்குச் சின்ன வட்டம், தண்ணீர்ப் பாலுக்குப் பெரிய வட்டம். ஒரு நிமிட வேலை. ஓவனில் காயவைத்து எடை பார்க்க ஒரு நாள் ஆகும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுத வேண்டியவன் நான்.

காலையில் ஒத்துப்போனது, மத்தியானம் போகவில்லை. மூன்று நாள் ஒன்றும் விளங்காமல் முழித்தேன். ஓவனைப் பார்த்துக்கொள்ளும் செல்லையாதான் கடைசியில் சொன்னான்: "ஜன்னலைச் சாத்துலா மச்சான், வெயிலும் பெட்டிக்குள்ள பூந்து வேலை பார்க்குது."

நுரை

அடுத்து, ஒரே பாலை மூன்று முறை வைத்தேன், மூன்று வட்டம் வந்தது. நான் வேகமாகக் கலக்கியதில் எழுந்த நுரை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் தோட்டத்துக் கணக்கும் ஆள் வேலையும் பார்க்கும் கிராணி வந்து எட்டிப் பார்த்துவிட்டார். "ஒரே கேள்விக்கு மூணு பதிலு. இது மிஷினா, எலெக்‌ஷன்ல நிக்கிற ஆளா?"

முனியம்மாக்கா

நுரையும் வெயிலும் அடங்கி, கிராணியே பெட்டியை நம்பத் தொடங்கிய சமயம் ஆயுத பூஜை வந்தது. மறுநாள் முதல் ஆளாகப் பால் கொண்டுவந்தவர், மரம் வெட்டும், அதாவது பட்டை சீவிப் பால் எடுக்கும், முனியம்மாக்கா. திரையில் இவ்வளவு பெரிய வட்டம். தண்ணீர் கலந்துவிட்டார் என்று கிராணி அத்தனை பேர் முன்னாலும் கத்தி, நாளைக்கு மரம் வெட்ட வரவேண்டாம் என்றார். அக்கா அப்படிச் செய்கிற ஆளில்லை. ஆனாலும் திரையில் கண்டதையே நோட்டில் எழுதினேன். அக்கா வாளியைக் கீழே வைத்தார். "அப்போ இந்தப் பெட்டியையே நாளைக்கு மரம் வெட்டச் சொல்லுங்க கிராணி."

பொட்டு

அந்தக் கூச்சலில் அன்று வேறு யார் பாலையும் பெட்டியில் வைக்கவில்லை. மறுநாள் ஓவன் பதில் சொன்னது: அக்காவின் பால் நல்ல கெட்டிப் பால். பெட்டியைத் திறந்து பார்த்தேன். விளக்குக் கண்ணாடியின் நட்ட நடுவில், பூஜையன்று நானே பக்தியோடு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. வெளிச்சம் பாலைத் தொடுமுன்பே அதில் சிதறியிருக்கிறது.

வெட்கத்தோடு அடுத்த நாள், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், எல்லாரும் நிற்கும்போதே தப்பு என்னுடையது என்று சொன்னேன். கிராணி அக்காவுக்கு மறுபடி வெட்ட மரம் கொடுத்தார். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பொட்டைத் துடைச்சிட்டீங்க தம்பி, சரி. ரெண்டு நாளா தண்ணிக்காரின்னு கூப்பிட்டாங்களே, அதை எந்தத் துணியால துடைப்பீங்க?"

பெட்டி தேறியதா என்று ஈப்போவிலிருந்து கேட்டார்கள். பெட்டி தேறிவிட்டது, சோதித்தவன்தான் தேறவில்லை என்று எழுதி அனுப்பினேன்.