குழியில் வைக்காத பொட்டு

வானகரத்தில் புதிதாகத் திறந்த ஓட்டலில், கைகழுவும் இடத்துக்கு மேலே அந்த அச்சு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழ நீளத் தேக்குக் கட்டை. அதில் திராட்சைக் கொத்தும் இலைகளும் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது இலையின் நுனி சிதைந்திருந்ததைப் பார்த்ததும் சந்தேகமே இல்லை, எங்கள் மேஸ்திரியின் அச்சுதான். குழி முழுக்கக் கண்ணாடி மாதிரி எதையோ ஊற்றி நிரப்பியிருந்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மரச்சாமான் பட்டறையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கட்டில் தலைமாட்டுக்கும் அலமாரி ஓரத்துக்கும் பூவேலை செய்ய வந்தவர் மேஸ்திரி. சேர்ந்த அன்றே அந்த அச்சைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். சுண்ணாம்புப் பொடியும் வஜ்ஜிரப் பசையும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மாவைச் சூட்டோடு அதில் அழுத்திப் பெயர்த்தெடுத்தால் இலை நரம்புகூடத் தெரியும். அந்த மூன்றாவது இலையை மட்டும் ஒவ்வொரு முறையும் கத்தியால் சீவிச் சரிசெய்வார்.

ஓர் ஆயுத பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வந்த முதலாளி, அச்சின் குழியிலும் விரலை வைக்கப் போனார். "மொதலாளி, குழில வெக்காதீங்க! பின்னாடி வையுங்க, சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?" என்று மேஸ்திரி போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. சந்தனம் குழியில் காய்ந்தால் அடுத்த பூ மொண்ணையாக வரும். அதன்பிறகு வருஷாவருஷம் பொட்டு பின்பக்கத்தில்தான்.

பைபர் பூக்கள் ரெடிமேடாக வரத் தொடங்கியதும் மேஸ்திரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கோவில்பதாகையில் வீட்டிலேயே தொழில் செய்துகொள்கிறேன், அச்சை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் எழுதிக் கொடு என்று என்னிடம் வந்தார்.

"ரசீது இருக்கா மேஸ்திரி?" என்று கேட்டவன் நான். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"நான் துண்டுல சுத்தி எட்தாந்தத நீதான சார் பாத்த?"

பார்த்தேன்தான். ஆனால் முதலாளி உள்ளே உட்கார்ந்திருந்தார், எனக்கு வேலை வேண்டியிருந்தது. மேஸ்திரி வெறுந்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். இப்போது யார் யார் வீட்டுக் கட்டிலுக்கோ பாலிஷ் போடுகிறார் என்று கேள்வி. பட்டறையை மூடியபோது அந்த அச்சையும் சேர்த்து விற்றுவிட்டார்கள்.

ஓட்டல் மேனேஜரிடம் கேட்டேன். "ஆன்டிக் பீஸ் சார். பள்ளத்துல தூசி அடையுது, அதான் ரெசின் ஊத்தி லெவல் பண்ணிட்டோம்" என்றான் பெருமையாக.

பள்ளமாம்! அந்தப் பள்ளத்தை விட்டால் அந்தக் கட்டையில் வேறு என்ன இருக்கிறது? யாரையும் கேட்காமல் அதைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த குங்குமம் கறுத்துப்போய் அப்படியே இருந்தது.

"சார், அத மாட்டிடுங்க."

"இது எங்க மேஸ்திரியோடது. துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தத நான் பார்த்தேன்" என்றேன் சத்தமாக. கைகழுவ வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அன்று முதலாளி முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பொட்டு வெளியே தெரியும்படி திருப்பி மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.