கும்மிக்குத் தைத்த சாக்ஸ்

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்து ஏழு வருடமாகிறது. அதில் முதல் ஐந்து வருடம் நான் அதை ஷிப்ட் கணக்கில்தான் நடத்திக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற எங்களுக்கு நாள் என்றாலே ஷிப்ட்தான். காலை எட்டரைக்குப் போய்ச் சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பினால் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரைக்கும் இழுத்தால் ஒன்றரை ஷிப்ட். டாக்டரம்மா காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? ஒன்றரை ஷிப்ட் போட்ட நாளில் இரண்டு மாத்திரை. ஒரு ஷிப்ட் என்றால் ஒன்றோடு சரி. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, மாத்திரைக்கும் லீவு. வேலை செய்யாத உடம்புக்கு மருந்து எதற்கு என்பது என் நினைப்பு. கம்பெனியில் எங்கள் லைனில் சர்க்கரை இருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

அருள்புரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற டீ சர்ட்டை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து முன்பக்கம், பின்பக்கம், தையல் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். சரியாக இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் தைத்தவரிடமே திரும்பிப் போகும். இருபத்திரண்டு வருடத்தில் நான் பாஸ் போட்ட பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமை பீற்றுகிறேன் என்றால், ஆமாம், பீற்றத்தான் செய்கிறேன்.

டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் நடக்கச் சொல்வார். "நாளெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கறனுங்க, இதுக்கு மேல என்னத்த நடக்கறது?" என்பேன். "நிக்கறது வேற, நடக்கறது வேறம்மா" என்பார். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

என்னை அசைத்தது கும்மிதான். நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மைதானத்தில், வள்ளி முருகனைக் கட்டிக்கொண்ட கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மிக்குப் பயிற்சி ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிலிருந்து பேரன் எடுத்தவர்கள் வரைக்கும் சேர்ந்திருந்தார்கள். முதல் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று, இவள் கை தட்டுவது சரியில்லை, அவள் திரும்புவது சரியில்லை என்று குறை சொன்னேன். செக்கிங் புத்தி எங்கே போகும்? "அப்ப நீங்களே வந்து ஆடிக் காட்டுங்க" என்றார் கும்மி ஆசிரியர். ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முதல் வாரம் மூச்சு வாங்கிய வாங்கலில் உயிர் தொண்டைக்கு வந்தது. முழங்கால் கெஞ்சியது. விடவில்லையே! இரண்டாவது மாதம் கம்பெனியின் மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினேன். அடேயப்பா, எத்தனை வருடத்துக்கு அப்புறம்! அரங்கேற்றத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஊரே பார்க்க மூன்று மணி நேரம் நிற்காமல் ஆட வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் அதை முழுசாக ஆடி முடிக்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து நேரே சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே என் வீட்டுக்காரர் குரல். அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், அளந்துதான் பேசுவார்.

"இதென்ன, தரையெல்லாம் ரத்தம்?"

"கண்ணாடி எதையாச்சும் மிதிச்சுட்டு வந்தீங்களா? பாத்து நடக்க மாட்டீங்களா?" என்று அவரைப் பார்த்துத்தான் கத்தினேன்.

அவர் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் காலைக் காட்டினார். வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் சொட்டுச் சொட்டாக என் ரத்தம். இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கூர்ங்கல் ஏறி நின்றிருந்தது. கும்மி வெறுங்காலில் ஆடுவது. எப்போது குத்தியதோ, எத்தனை சுற்று அதோடு ஆடினேனோ, ஒரு சுருக்குக்கூட எனக்குத் தெரியவில்லை. ஊரான் சட்டையில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவளுக்குச் சொந்தக் காலில் விழுந்த ஓட்டை தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை அட்டைகளைக் கேட்டார். மிச்சம் இருக்கக்கூடாத அளவுக்கு மிச்சம் இருந்தது. ஷிப்ட் கணக்கை ஒப்புக்கொண்டேன்.

"மாத்திரைக்கு ஏதுங்கம்மா ஞாயித்துக்கிழமை? உங்க கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கு. இதைக் கவனிக்காம விட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

காயம் ஆறும் வரை கும்மி கூடாது, இனிமேல் வெறுங்கால் கூடவே கூடாது, தினமும் யாராவது என் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார். பிள்ளைகள் வெளியூரில். யாராவது என்றால் என் வீட்டுக்காரர்தான்.

புருசன் என் காலைத் தொடுவதா? மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். "தெனமும் வேன் டயரப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கறன். உன்ற காலப் பாக்கக்கூடாதா?" என்றார். கதவைச் சாத்தி, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்ட பிறகுதான் காலை நீட்டினேன். அவர் பாட்டுக்கு மேலோட்டமாகப் பார்த்தார். எனக்குப் பொறுக்குமா? "இப்படியா பாக்கறது? வெளிச்சத்துல காட்டிப் பாக்கோணும். முன்பக்கம், பின்பக்கம், அப்பறம் விரல் சந்து" என்று பீஸ் பார்க்கிற மாதிரியே சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. மாத்திரையும் தவறவில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்பட.

காயம் ஆற ஆறு வாரம் ஆனது. அதற்குள் ஒரு யோசனை முளைத்தது. வெறுங்கால் கூடாது என்றார்கள், செருப்போடு கும்மி ஆட முடியாது. ஆனால் துணி? துணியில்தானே என் பிழைப்பே ஓடுகிறது! சூப்பர்வைசரிடம் கேட்டு, கட்டிங்கில் மிஞ்சிய, இழுத்தால் விரிந்து கொடுக்கிற ரிப் துணி வாங்கினேன். அரங்கேற்றச் சேலை பச்சை, துணியும் அதே பச்சை. பாதத்துக்கு இரண்டு மடிப்பு கெட்டித் துணியும் அதற்கு அடியில் கேன்வாஸும் வைத்து, தையல் எதுவும் விரலில் உரசாதபடி வெளிப்பக்கம் வருமாறு தைத்தேன். மூன்று ஜோடியை நானே ரிஜெக்ட் செய்தேன். நான்காவது பாஸ்.

டாக்டரம்மா உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தரையைக் கூட்டிக் கல் பொறுக்கிவிட்டு ஆடலாம் என்றார். "ஆனா ஒண்ணு. ஆடி முடிச்ச உடனே, அந்த இடத்திலேயே பாதத்தைப் பாக்கணும். வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்னு தள்ளக்கூடாது."

மைதானத்தில் ஆசிரியர் என் காலைப் பார்த்து முகம் சுளித்தார். "சாமி முன்னால வெறுங்காலோடதானுங்க ஆடோணும்."

"செருப்பு வேறைங்க, துணி வேறைங்க. சாமிக்கே பட்டு சாத்தறோம். என்ற காலுக்கு ரெண்டு துணி சுத்துனா அவரு கோவிச்சுக்குவாருங்களா?"

அவர் என் சாக்ஸை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "சரிங்க. ஆனா ஆட்டம் பிசகக்கூடாது" என்றார்.

பிசகவில்லை. அரங்கேற்றத்தன்று மற்றவர்கள் விரதம் இருந்தார்கள். நான் மூன்று இட்லி தின்று, மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தேன், யாரிடமும் மறைக்கவில்லை. பம்பை முழங்க ஆரம்பித்ததும் உடம்பு தன்னால் எழுந்தது. குனிந்து, நிமிர்ந்து, சுற்றி, தட்டி, வள்ளியின் கல்யாணம் வரைக்கும் ஒரு வரிசைகூட விடவில்லை. என்னைவிடச் சின்னவர்கள் இரண்டு பேர் நடுவில் போய் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. அவ்வளவு கர்வமாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

முடிந்ததும் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. சுற்றிலும் சொந்தபந்தம், தெருக்காரர்கள், கம்பெனி ஆட்கள்.

"இத்தன பேரு பாக்கறாங்க. ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாமுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துச் சாக்ஸைக் கழற்றினார். போன் வெளிச்சத்தைப் பிடித்து, மேல்பக்கம், அடிப்பக்கம், குதிகால், ஒவ்வொரு விரல் சந்தாகப் பார்த்தார். பிறகு அடுத்த கால். சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டம்மா, "ஏனுங்க, அடி கிடி பட்டுருச்சுங்களா?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

என் வீட்டுக்காரர் நிமிரவில்லை. கடைசி விரலையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "இல்லீங்க. ரெண்டும் பாஸ்."

இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லி வருகிற வார்த்தை. அதுவரைக்கும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

"காது கேக்கலீங்க, இன்னொருக்கா சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.