கையைக் காட்டச் சொல்லும் ஊர்

ஸ்காட்லாந்தில் எங்கள் குழாய் வேலைக் கும்பலுக்கு இயான்தான் மேஸ்திரி. தினமும் காலையில் வண்டியை விட்டு இறங்கியதும், கையுறையைக் கழற்றிக் கையைக் காட்டச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்த்த வாத்தியார் ஞாபகம்தான் எனக்கு வந்தது. சேர்ந்த புதிதில் நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு போய் நீட்டினேன். இயான் நகத்தைப் பார்க்கவே இல்லை. விரல் நுனியை அழுத்தி, "அழுத்துவது தெரிகிறதா?" என்றார். சுத்தமாகத்தானே இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது.

தாம்பரத்தில் நான் பிரேக்கர் பிடித்த காலம் முழுக்க என் கையை யாரும் பார்த்ததில்லை. கான்கிரீட் உடைக்கிற அந்த மிஷினை, வேலை முடிவதற்குள் ஒருவனிடமிருந்து வாங்கினால், உன்னால் ஆகாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எண்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மழை. முடிச்சூர் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிறுபாலம் அடைத்துக்கொண்டு, வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியது. மேல் தளத்தை உடைத்தால்தான் வடியும். என்னோடு ஜோடியாக வேலை பார்த்த செல்வம் அண்ணனும் நானும் ஆளுக்கொரு மிஷினைக் காலையில் பிடித்தோம். சாயங்காலம்தான் கீழே வைத்தோம். தண்ணீர் வடிந்ததும் சனம் கைதட்டியது. ஒரு வீட்டம்மா டீ கொடுத்தார். அண்ணன் கையில் தம்ளர் ஆடி, பாதி டீ சட்டையில் கொட்டியது.

"கை இன்னும் மிஷின்லயே கீதுடா!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உங்களுக்குச் சொல்லி முடியாது.

இங்கே இரண்டாவது குளிர்காலத்தில் என் விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன. நுனியிலிருந்து நடு மூட்டுவரை சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளை, கிள்ளினாலும் தெரியாது. இயான் என்னிடம் வருவதற்குள் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். மிஷினைப் பிடுங்கிக்கொண்டால் எனக்கு வேறென்ன வேலை தெரியும்? மனைவியின் நர்ஸ் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதா? பயமாகத்தான் இருந்தது.

பனி கொட்டிய ஒரு நாள் பெரிய குடிநீர்க் குழாய் உடைந்தது. பக்கத்து முதியோர் இல்லத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்றைக்கும் இயான் முறை வைத்தார். ஒருவர் கொஞ்ச நேரம் ரோட்டை உடைக்க வேண்டும்; விசில் கேட்டதும் மிஷினை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குள் போய்க் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கிழவர்கள் தண்ணீரில்லாமல் தவிக்கும்போது இந்த ஆளுக்கு விசில் ஒரு கேடா என்று எனக்கு எரிச்சல். என் முறைக்கு விசில் ஊதியும் நான் விடவில்லை. அவர் மிஷினுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வந்து, என் கையுறையை உருவினார். விரல்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"நான் நன்றாகத்தானே உடைக்கிறேன்?"

"நன்றாகத்தான் உடைக்கிறாய். இனிமேல் வேண்டாம்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் அந்த விசிலை என்னிடம் கொடுத்து, ஆள் மாற்றுகிற வேலை இனி உன்னுடையது என்றார். அவர் அனுப்பிய டாக்டர் சொன்னதுதான் தூக்கிவாரிப்போட்டது. இது இரண்டு குளிர்காலத்தில் வந்தது இல்லையாம், பல வருஷம் மிஷின் அதிர்ந்து அதிர்ந்து கைக்குள் சேர்ந்த கேடாம். வெயில் ஊரில் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது, குளிர் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

உடனே தாம்பரத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு, செல்வம் அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் இன்னும் பிரேக்கர்தான் பிடிக்கிறார். விரல் வெளுக்கிறதா என்று கேட்டேன்.

"வெள்ளையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. கை நல்லா கருகருன்னு கீது. சட்டை பட்டன் மட்டும் உங்க அண்ணிதான் போட்டு வுடுது."

"மிஷினை ஆள் மாத்தி மாத்திப் புடிங்கண்ணா."

"வூட்டுக்குள்ள தண்ணி வந்துகினு இருக்கசொல இன்னாடா மாத்துறது?" என்று சிரித்தார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதெல்லாம் காலையில் எல்லோர் கையையும் நான்தான் பார்க்கிறேன். கடைசியில் என் கையையும் பார்த்துக்கொள்வேன். நடு மூட்டுவரை வெள்ளை, அதற்குக் கீழே தாம்பரத்து நிறம். நான் பார்க்க வேண்டிய இன்னொரு கை அங்கே வெயிலில் இருக்கிறது, பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது.