ஒப்பிக்கிறவனை யார் நம்புவது?

சுற்றுலா வழிகாட்டிக்கு வாய்தான் முதல். ஆனால் அந்த வாய் தங்குதடையில்லாமல் பேசினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். விற்பனைப் பிரதிநிதிகளே, காப்பீட்டு முகவர்களே, பேசிப் பிழைத்து அவதிப்படும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மறுபடியும் வணக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்த தமிழன் நான், படித்ததெல்லாம் மலையாளம். தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட, எனக்கு முன்பிருந்த வழிகாட்டி பேசியதைக் கேட்டுக் கேட்டே உருப்போட்டேன். ஒருநாள் அரண்மனைச் சுவர் ஓவியங்களைப் பற்றிப் பொழிந்து தள்ளிக்கொண்டிருந்தபோது மதுரைக்காரர் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். காட்டிவிட்டுத் திரும்பினால், விட்ட இடம் மறந்துபோச்சு. வேறு வழியில்லாமல் வணக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நடுவுல இருந்து சொல்ல வரலைன்னா, இதெல்லாம் நிஜமான்னு உங்களுக்கே தெரியாதுல்ல?"

காணாப்பாடம்

மனுஷன் புகாரும் செய்துவிட்டார். கொச்சங்காடியில் எங்கள் சுற்றுலா வேன் ஆபீஸை நடத்தும் ஷாஜி சேட்டன் கூப்பிட்டனுப்பினார். மனப்பாடத்துக்கு மலையாளத்தில் காணாப்பாடம் என்று பெயர். ஏட்டைப் பார்க்காமல் சொல்கிற பாடம். ஏட்டை மட்டுமல்ல, ஓவியங்களையே நான் பார்த்ததில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். வாடகை வீட்டில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறவன் நான், கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"இனி ஒரு கம்ப்ளெயின்ட் வந்தா, தமிழ் குரூப்பை வேற ஆளுக்குக் கொடுப்பேன், கேட்டோ."

இருமல்

அன்றிலிருந்து தடுமாறப் பழகினேன். யோசிப்பதுபோல் நெற்றியைத் தேய்ப்பேன், இருமுவேன். சனங்களுக்குப் பரம திருப்தி.

பிறகு திருச்சியிலிருந்து ஒரு தமிழாசிரியை வந்தார். மாணவிகளை இரண்டு பிரிவாக, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக அழைத்து வந்தவர், இரண்டு முறையும் கூடவே நடந்தார். ஒரே ஊரை எதற்கு இரண்டு முறை கேட்க வேண்டும்? சேட்டன் அனுப்பிய ஆளாக இருக்குமோ?

சாயா குடிக்கும்போது, நன்றாக ஒப்பிக்கிறீர்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதைக் கவனித்துவிட்டு, ஒப்புவித்தல் என்பதுதான் ஒப்பித்தல் ஆயிற்று, ஒப்படைப்பது என்று பொருள், வாத்தியார் கொடுத்த பாடத்தைப் பிள்ளை குறையாமல் அவரிடமே திருப்பிக் கொடுப்பது, அதில் கேவலம் ஒன்றுமில்லை என்று விளக்கினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து என் எதிரிலேயே சேட்டனுக்குப் போன் போட்டார்.

"உங்க ஆளு குறையில்லாம ஒப்பிக்கிறாரு. காலையிலயும் சாயங்காலமும் அதே வார்த்தைக்கு அப்புறம்தான் இருமுறாரு, அதுக்கு மட்டும் ஏதாவது மருந்து வாங்கிக் கொடுங்க."

சேட்டன் என் வேலையை விட்டுவைத்தார், ஆனால் இனிமேல் எனக்கு நிஜமாகவே இருமல் வந்தாலும் இந்தக் கொச்சியில் நம்ப ஓர் ஆள் கிடையாது.