அய்யாதுரை அண்ணன் உட்காருவதில்லை

என் அண்ணன் அய்யாதுரை வேலைக்கு நடுவில் உட்கார மாட்டார். பல வருடமாகப் பார்க்கிறேன். வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தால் கடைசிக் குடம் வரும்வரை வாசலில்கூட நிற்க மாட்டார். சோறு போட்டு வைத்தால் “இந்தா வந்துட்டேன்” என்பார். சோறு ஆறிப்போகும்.

லோடு ஷெட்டில் வந்த பழக்கம் இது. சிவகாசியில் ஒரு லாரி ஷெட்டில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிறார். ஆட்கள் வரிசையாக நின்று பெட்டியைக் கைமாற்றுவார்கள். ஒருவர் நின்றால் வரிசையே நின்றுபோகும். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், “மாப்பிள்ளைக்கு சேர் போடுங்கலே, காப்பியா டீயான்னு கேளுங்கலே” என்று கிண்டல் கிளம்பும். லாரிக் கதவைச் சாத்திய பிறகுதான் உட்காரலாம். பெட்டியைத் தொப்பென்று போடவும் கூடாது; உள்ளே இருப்பது பட்டாசு.

சாயங்காலம் அண்ணன் எடை தூக்கப் போகும் ஜிம்மில்தான் நான் கூட்டித் துடைக்கிறேன். துடைத்துக்கொண்டே பார்ப்பேன். கனமாகத் தூக்குகிறவர்கள் ஒரு செட் முடித்ததும் பெஞ்சில் சாய்ந்து, மூச்சு அடங்கும்வரை சும்மா இருப்பார்கள். அண்ணன் மட்டும் கம்பியை வைத்த கையோடு மறுபடி குனிவார். முதல் செட்டில் லேசாக வந்த எடை மூன்றாவதில் முழங்காலைத் தாண்டாது.

ஜிம் நடத்தும் ஃபரீத் மாஸ்டர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

“இம்புட்டு எடை தூக்குனா மூணு நிமிசமாவது உக்காரணும்ப்பா. அப்பத்தான் அடுத்ததுக்குத் தெம்பு வரும்.”

“உக்காந்தா ஒடம்பு ஆறிப்போகும் மாஸ்டர்.”

“ஆறட்டும்யா! நீ என்ன இட்லியா?”

அண்ணன் சிரிப்பார். மறுபடி குனிவார்.

போன வருடம் விருதுநகரில் மாவட்டப் போட்டி நடந்தது. முதலில் வருகிறவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கலாம் என்றார் மாஸ்டர். வயது வரம்பின்படி அண்ணனுக்கு அதுதான் கடைசி வருடம்.

ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. ஒருவர் தூக்கினால், மற்ற எல்லாரும் தூக்கி முடித்த பிறகுதான் மறுபடி அவர் முறை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? ஒரு சேரில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்தேன்.

முதல் முறை தூக்கிவிட்டு வந்தார். சேரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். அங்கே கம்பிக்கு இரும்புத் தட்டு மாற்ற இரண்டே பேர். அண்ணன் மேடையேறித் தட்டைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

அத்தனை ஆண்களுக்கு நடுவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் போய் மறுபடி சொன்னேன்.

“அண்ணே, செத்த நேரம் வந்து உக்காருண்ணே.”

“இருத்தா. ரெண்டே பேரு கெடந்து அல்லாடுறாக. நாம சும்மா நிக்கிறதா?”

மாஸ்டர் நடுவர் நாற்காலியில் இருந்தார். எழுந்து வர முடியாமல் முறைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறையும் தூக்கி, அண்ணன்தான் முதலிடத்தில் இருந்தார். அப்புறமும் உட்காரவில்லை. மூன்றாவது சுற்றில், அடுத்த இடத்தில் இருந்த சாத்தூர் ஸ்ரீராம்குமார் வந்தார். கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், அண்ணனை மண்டபத்து ஆள் என்று நினைத்து, “அண்ணாச்சி, இந்தப் பக்கம் இன்னொரு தட்டு போடுங்க” என்றார். அண்ணன் போட்டார். ஸ்ரீராம்குமார் தூக்கிவிட்டார்.

அதைவிடக் கூடுதலாக அண்ணன் தூக்க வேண்டும். கம்பி முழங்கால் வரை வந்து நின்றது. தூக்க முடியாத மற்றவர்கள் தொப்பென்று போட்டார்கள். அண்ணன் சத்தம் வராமல் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உட்கார்ந்தார்.

“நீ தூக்கப் போனியா, தட்டு மாட்டப் போனியா?” என்று கேட்டேன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது வயது வரம்பு முடிந்துவிட்டது. அண்ணன் அதே ஷெட்டில் லோடு ஏற்றுகிறார். சாயங்காலம் ஜிம்முக்கு வருகிறார். நான் பெஞ்சை அவர் பக்கம் இழுத்துப் போடுகிறேன். அதில் அவர் துண்டு மட்டும் கிடக்கிறது.