கழுத்துப் பட்டியும் பெண் பார்க்க வந்தவர்களும்

சித்தப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் வைத்திருக்கத்தான் தெரியும். அம்பத்தூரில் யாரோ தலைமுழுகிய பழைய வண்டியை வாங்கி, கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். எழுபதுகளின் தொடக்கம் அது. பூந்தமல்லியில் புடவை எடுக்க என்னை ஏற்றிக்கொண்டு போனவர், கோழி ஒன்று குறுக்கே வந்ததும் நடுரோட்டில் பிரேக் போட்டார். பின்னால் வந்த லாரி இடித்தது. என் தலை முன்னே போய்ப் பின்னே வந்தது. கோழி பிழைத்துக்கொண்டது.

மறுநாள் கழுத்து திரும்பவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, உள்ளே தசைநார் இழுபட்டிருக்கிறது என்று கெட்டியான பட்டி ஒன்றைக் கழுத்தில் மாட்டினார். மாதக் கணக்கில் ஆகலாம், கழற்றாதே, குனியாதே என்றார்.

"ரத்தமே வரல, இன்னா பெரிய அடி?" என்றார் சித்தப்பா. அம்மா அவருக்கும் மேல். கழுத்துச் சுளுக்கென்றால் தலையணையை வெயிலில் போடவேண்டுமாம். என் தலையணையைக் கூரைமேல் காயப்போட்டாள். இடித்தது லாரி, தண்டனை தலையணைக்கு. இந்தப் புத்திசாலிகளுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன்.

அந்த வாரமே முத்தாபுதுப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பட்டியோட பாத்தா ராசி கெட்ட பொண்ணுன்னு பூடுவாங்க" என்று அம்மா அதைக் கழற்றி அரிசி டின்னுக்குள் ஒளித்தாள். விறைத்த கழுத்தோடு காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"பொண்ணு தலையே குனிய மாட்டேங்குது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. உடனே சித்தப்பா என் பிடரியில் கைவைத்து, "குனிஞ்சி கும்புடும்மா" என்று அழுத்தினார். உயிர் போய் வந்தது.

"கைய எடு சித்தப்பா! நீ லாரிகிட்ட இடி வாங்கிக் குடுத்த கழுத்து இது!" என்று கத்திவிட்டேன்.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார்.

"கார் ஆக்ஸிடென்டா? வண்டிக்கு ரொம்ப அடியா?"

சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. இருவரும் வாசலுக்குப் போய், நசுங்கிய பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். கார் இருக்கிற வீடு என்று தெரிந்தபிறகு ராசியாவது ஒன்றாவது! மாப்பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்த கையோடு, எங்களுக்குச் சம்மதம் என்றார்கள் அவர் வீட்டார். வலியில் எனக்குக் கண்ணீர் வழிந்தது. அதை ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிக்கொண்டார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னாமா, சரிதான? தலைய மட்டும் ஆட்டு, போதும்."

எங்கள் வீட்டில் பெண்களிடம் சம்மதம் கேட்பது அப்படித்தான். அக்கா ஆட்டினாள், இன்றுவரை அனுபவிக்கிறாள்.

நானும் ஆட்டத்தான் பார்த்தேன். கழுத்து அசையவில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். திறந்தபோது "வேணாம்" என்றுதான் வந்தது.

கழுத்து மட்டும் நன்றாக இருந்திருந்தால் அன்றைக்கு ஆட்டித் தொலைத்திருப்பேன்.