தேக்கடிக்கு இரண்டு பேர்

என் வீட்டுக்காரருக்குப் பினாங்கில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் காரைக்குடி வருவார். கல்யாணமாகி நாலாவது வருஷம், அறுபதுகளின் பிற்பாதியில், அப்படி வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு பைனாகுலரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதை வச்சு இந்த ஊர்ல என்னத்தைப் பாக்குறது? பக்கத்து வீட்டு வத்தலையா?" என்றேன்.

"யானை பாக்கலாம். தேக்கடிக்குப் போவோம், நீயும் நானும் மட்டும்."

அந்த 'மட்டும்' காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் முகப்பில் இருமினால் அடுப்படியில் கேட்கும். அறைக்குள் மெதுவாகச் சிரித்தாலும், உள்முற்றத்து வளவில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் மாமியார் "என்ன சிரிப்பு?" என்று கேட்பார்கள். எனக்கோ அவரிடம் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. என்னையும் பினாங்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதை அந்த வீட்டில் வைத்துக் கேட்டால், மாமியாரை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறாள் என்று மறுநாளே ஊர் பேசும். தேக்கடியில் கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். யானை காதில் விழுந்தால் விழட்டும், அது போய்க் கோட்டையூரில் என் நாத்தனாரிடம் சொல்லாது.

ஒரு வாரம் திட்டம் போட்டோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் எழுதினார். மதுரை வரை ஒரு பஸ், அங்கிருந்து கம்பம் வழியாகக் குமுளிக்கு இன்னொரு பஸ். காட்டை ஒட்டிய ஊர் குமுளிதான், அங்கே இரண்டு ராத்திரி தங்கல். காலையில் முதல் படகைப் பிடித்தால் யானைகள் ஏரிக்கரைக்குத் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்கலாமாம். குமுளியில் ஒரு லாட்ஜுக்குக் கார்டு போட்டார். பதில் வந்தது: இரண்டு பேருக்கு மாடி அறை உண்டு, வெந்நீர் உண்டு, குளிருக்குக் கம்பளி கொண்டுவரவும். அந்தக் கார்டை நான் எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். செக்காலை ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, அரக்குக் கலரில் ஒரு ஸ்வெட்டரும் வாங்கி வைத்தேன்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, "கோட்டையூர்ல ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம்" என்றார். ஆச்சி என்பது அவருடைய கூடப்பிறந்த அக்காள். சொல்லாமல் போனால் மனத்தாங்கல் வரும். சரி என்று நானும் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயணம் சொல்லப் போனால், "நீங்களும் வாங்களேன்" என்று கேட்க வேண்டும். "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க" என்று அவர்கள் மறுக்க வேண்டும். முதல் தரம் கேட்பது மரியாதைக்கு. இரண்டாம் தரம் பாசத்துக்கு. மூன்றாம் தரமும் கேட்டால் மெய்யாகவே கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம், அதற்கப்புறம் மறுப்பதுதான் தப்பு. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். பினாங்குத் தண்ணீர் குடித்த என் வீட்டுக்காரருக்கு மறந்துவிட்டது.

"நீங்களும் வாங்களேன் ஆச்சி."

"இருக்கட்டும்ப்பா, நீங்க போயிட்டு வாங்க."

"அட, வாங்க ஆச்சி."

"சின்னஞ்சிறுசுக போறீக, நாங்க எதுக்கு?"

அப்பாடா என்று எழுந்து, சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டோம். செருப்பில் காலை நுழைத்தவர் திரும்பி நின்றார். "இல்ல ஆச்சி, வந்தாத்தான் என்ன?"

போச்சு! ஆச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பழனியைத் தாண்டியதில்லை. "நீ இம்புட்டுத் தூரம் கூப்புடுறப்ப வரலைன்னா நல்லாருக்குமா?" என்றவர்கள், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்கள்: "ஏங்க, தம்பி நம்மளைத் தேக்கடிக்குக் கூப்புடுறான்!"

டவுன் பஸ்ஸில் என்னால் பொறுக்க முடியவில்லை. "மூணு தரம் ஏன் கேட்டீக?"

"மூணு தரமா கேட்டேன்?" என்றார் அந்த மகராசன்.

அப்புறம் யார் கையிலும் ஒன்றும் இல்லை. ஆச்சி, ஆச்சியின் வீட்டுக்காரர், நாலு பிள்ளைகள். அவர்களை அழைத்துக்கொண்டு என் மாமியாரை விட்டுவிட்டுப் போக முடியுமா? ஆச்சியின் மாமியாரைத்தான் விட முடியுமா? இத்தனை பேருக்குச் சமைக்க ஒரு சமையல்காரர். காலண்டர் தாளில் 'இரண்டு பேர்' என்பதை அடித்துப் 'பதினோரு பேர்' என்று எழுதினார். லாட்ஜில் கீழ் ஹாலையும் சேர்த்துக் கேட்டு இன்னொரு கார்டு போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். வேறென்ன செய்ய? யாரிடம் போய் என்னவென்று சொல்ல? அழக்கூட அந்த வீட்டில் தனியாக ஓர் இடம் கிடையாது.

வேனில் போனோம். மூன்று டின் பலகாரமும் ஒரு மூட்டை அரிசியும் கூடவே வந்தன. குமுளியில் கீழ் ஹால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நான் கனாக் கண்ட மாடி அறையில் என் வீட்டுக்காரரும் அவருடைய அத்தானும் படுத்தார்கள். ஆச்சியின் மாமியாருக்குக் குளிர் தாங்கவில்லை என்று என் அரக்கு ஸ்வெட்டர் அவர்கள் தோளுக்குப் போயிற்று. மறுநாள் காலை பதினோரு பேருக்கும் இட்லி வெந்து, காபி குடித்து, தலை வாரி முடிப்பதற்குள் முதல் படகு மட்டுமில்லை, மூன்றாம் படகும் போய்விட்டது. நாலாவதில் ஒரு குரங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

கடைசி நாள் எப்படியோ முதல் படகைப் பிடித்தோம். ஏரிக்குள் பட்டுப்போன மரங்கள் அங்கங்கே நின்றன. தண்ணீர்மேல் பனி கிடந்தது. "அந்தப் பக்கம் மான்!" என்று யாரோ கத்த, எங்கள் கூட்டம் மொத்தமும் எழுந்து அந்தப் பக்கம் ஓடியது. பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். இன்ஜின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. இப்போது கேட்டுவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீயும் பினாங்குக்கு வாரியா?"

"இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க."

சொன்னது நான்தான். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடிப்பாவி, என்ன சொன்னாய் என்று எனக்குள்ளேயே கத்தினேன். இன்னொரு தரம் கேட்கட்டும், மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது, இரண்டாம் தரத்துக்கே சரி என்று சொல்லிவிடுகிறேன் என்று அவர் வாயையே பார்த்தேன். நானாகச் சொல்லலாம்தான். நாக்கு எழவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்கு அப்புறம் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போதும் கேட்கவில்லை.

"தம்பி, அங்குட்டுப் பாரு, யானை!" என்று படகின் அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சி கூவினார்கள். அவர் பைனாகுலரை என் கண்ணில் வைத்துப் பிடித்தார். எனக்குக் கண் முழுக்கத் தண்ணீர், கரை எது, காடு எது என்றுகூடத் தெரியவில்லை.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுதா?" என்றார் மறுபடியும். "ஏய், யானை தெரியுதா இல்லையா?"

மூன்றாம் தரமும் கேட்டுவிட்டார். மறுக்கக் கூடாது.

"தெரியுது" என்றேன்.